‘கைண்ட் ஆஃப் ப்ளூ’: ஏறிய சுருதியா, திருத்திய சுருதியா?

ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ இசைத்தட்டு 1959 ஆகஸ்டில் வெளிவந்தது. அதன் மறுவெளியீடுகளை எண்ணி மாளாது. வாங்கப் போகிறவர்கள் அட்டையின் தடிமனையும் தட்டின் எடையையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: முதல் பக்கம் எந்தச் சுருதியில் ஒலிக்கிறது?

1959 மார்ச் 2 அன்று, நியூயார்க் 30ஆம் தெருவில் பழைய தேவாலயத்துக்குள் இயங்கிய கொலம்பியா ஸ்டுடியோவில் முதல் மூன்று உருப்படிகள் பதிவாயின. அன்று முதன்மை டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அப்படிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஒலிக்கவிட்டால் பாட்டும் விரையும், சுருதியும் ஏறும். ஏற்றம் அரைக் கட்டைக்கும் குறைவுதான். ஆனாலும் தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகியவர்களின் கருவி அதனுடன் ஒட்டவில்லை. ஏப்ரல் 22இல் பதிவான இரண்டாம் பக்கத்தில் இந்தச் சிக்கலே இல்லை. நல்லவேளையாக, மார்ச்சில் உடன் ஓடிய காப்பு இயந்திரத்தின் நாடா சரியாக இருந்தது. அதைக் கொண்டு திருத்திய சுருதி 1992இல்தான் சிடியாகக் கடைக்கு வந்தது.

பழைய வேகத்துக்கு இன்றும் ஆதரவாளர்கள் உண்டு. முதல் உருப்படியான ‘ஸோ வாட்’டில் டிரம்பெட் தனி தொடங்கும்போது டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் சிம்பலில் தரும் அந்த ஓர் அடி, ஏறிய சுருதியில் இன்னும் பளிச்சென்று விழுகிறது என்பார்கள். மறுக்க மாட்டேன். வின்டன் கெல்லி பியானோ வாசிக்கும் ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’கூட அந்த விரைவைத் தாங்குகிறது. அதே பக்கத்தின் ‘ப்ளூ இன் கிரீன்’ தாங்கவில்லை. பில் எவன்ஸின் பியானோ ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஆறவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறது. வாயில் மியூட் என்னும் ஒலியடக்கி வைத்த டிரம்பெட்டுக்கும் அந்த அவகாசம் வேண்டும். இந்த ஓர் உருப்படிக்காகவே என் ஓட்டு திருத்திய பதிப்புக்கு.

அடுத்தது, எல்லா ஒலியும் ஒன்றாக வரும் மோனோவா, இடம் வலம் பிரிந்து வரும் ஸ்டீரியோவா என்பது. மோனோவில் குழல்கள் ஒன்றாக எழும்போது வரும் திண்மை அழகுதான். 2013இல் அதுவும் மீண்டும் வெளிவந்தது. ஆனால் இந்த இசையைப் புதிதாகக் கேட்பவருக்கு ஸ்டீரியோவே நல்ல ஆசான். இடப்பக்கம் ஜான் கோல்ட்ரேனின் டெனர் சாக்ஸபோன், வலப்பக்கம் கேனன்பால் அடர்லியின் ஆல்டோ சாக்ஸபோன், நடுவில் மைல்ஸ். இரண்டு சாக்ஸபோன்களையும் பிரித்தறிய வேறு பாடம் வேண்டாம். (முதல் அட்டையில் அடர்லியின் பெயரையே எழுத்துப் பிழையோடு அச்சிட்டிருந்தார்கள்.)

2015இல் மறுவெளியீட்டு நிறுவனமான மொபைல் ஃபிடெலிட்டி இதை நிமிடத்துக்கு 45 சுழற்சி வேகத்தில் இரண்டு தட்டுகளாக வெளியிட்டது. பாஸின் அடிநாதம் துலங்கும். ஆனால் ஐந்தே உருப்படிகளுக்கு நான்கு பக்கம் புரட்ட வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. செலவு குறைய வேண்டுமானால் 1997 சிடி போதும்: திருத்திய சுருதி, கூடவே ‘ஃப்ளமென்கோ ஸ்கெட்சஸ்’ஸின் மாற்றுப் பதிவு.

பழைய தட்டு கைக்கு வந்தால் சோதிப்பது எளிது. ‘ஸோ வாட்’டின் ஆதார ஸ்வரம் மேற்கத்திய ‘டி’ (D). பால் சேம்பர்ஸின் பாஸ் வாசிக்கும் முதல் மெட்டோடு சேர்த்துக் கீபோர்டில் அந்தக் கட்டையை அழுத்திப் பாருங்கள். ஒட்டினால் திருத்திய பதிப்பு. தட்டின் சுருதி சற்று மேலே நின்று உரசினால் பழையது.