ஏற்காடு பஸ்ஸில் தலைசுற்றுபவர் ரீகாயிலில் ஏறலாமா? பொருட்காட்சி ராட்டினம் முதல் பெரிய கோஸ்டர் வரை ஓர் அலசல்

ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவை ஒட்டிப் பொருட்காட்சி வந்துவிட்டால் சேலத்தில் ராட்டினத்துக்குப் பஞ்சமில்லை. அது பத்தாதென்று நினைப்பவர்கள் வேன் பிடித்து பிடதிக்குப் போவார்கள், பெங்களூரு வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்கு. தண்டவாளத்தில் ஏறி இறங்கித் தலைகீழாகப் புரளும் ரீகாயில் என்ற கோஸ்டர் அங்கே இருக்கிறது. 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் சென்னை வொண்டர்லாவும் திறந்தாயிற்று. மும்பை, புனே பக்கம் போகிறவர்களுக்குக் கோப்போலியில் இமேஜிகா இருக்கிறது. எங்கே போனாலும் திரும்பி வந்தவரிடம் ஊரார் கேட்பது ஒன்றுதான்: எது ரொம்பப் பயங்கரம்?

இதற்கு ஒரே பதில் கிடையாது. ஏனென்றால் ரைடு நம்மை மூன்று இடத்தில் பிடிக்கிறது. கழுத்திலும் முதுகிலும் ஏறும் பாரம் ஒன்று. வயிற்றுப் புரட்டல் இன்னொன்று. மூன்றாவது, வெறும் பயம். ஒன்றில் முதலிடம் பிடிக்கும் ரைடு மற்ற இரண்டில் கடைசியில் நிற்கலாம். உயரத்தையும் வேகத்தையும் மட்டும் பார்த்துத் தரம் பிரித்தால் ஏமாற்றம்தான்.

பாரத்தை அளக்க ஜி என்ற அலகு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது 1 ஜி. 60 கிலோ ஆள் 3 ஜி-யில் இருக்கும்போது சீட்டில் 180 கிலோவாக அழுந்துவார். 0 ஜி என்றால் சீட்டிலிருந்து மிதப்பார். அடிவயிறு ஜில்லென்று மேலேறுவது அப்போதுதான். எத்தனை ஜி என்பதோடு எவ்வளவு நேரம், எந்தத் திசையில் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தலையிலிருந்து காலுக்கு இறங்கும் 4 ஜி-யை நல்ல உடம்பு ஓரிரு நொடி தாங்கும். அதில் பாதி பக்கவாட்டில் திடீரென்று வந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

முதலில் நம்ம மலைப்பாதை

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவின் ஆரம் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பஸ் 20 கி.மீ. வேகத்தில் திரும்பினால் பக்கவாட்டில் 0.3 ஜி. இறங்கும்போது 12 மீட்டர் ஆர வளைவைக் காரில் 30-இல் ஒடித்தால் 0.6 ஜி வரை போகும். பெரிய கோஸ்டரோடு ஒப்பிட்டால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை. ஆனாலும் பாலிதீன் பை கேட்பது இங்கேதான்.

காரணம் அசைவின் வேகம். ஏறத்தாழ ஐந்து நொடிக்கு ஒரு முறை இடமும் வலமும் சாய்க்கும் மெதுவான ஆட்டம்தான் குமட்டலை அதிகம் கிளப்பும் என்பது கப்பல் பயணிகளை வைத்துச் செய்த ஆய்வுகளிலேயே தெரிந்த விஷயம். அதோடு பஸ்ஸுக்குள் கண் பார்ப்பது முன் சீட்டின் முதுகை. உள்காது உணர்வது வளைவை. இரண்டும் ஒத்துப்போகாத நிலை முக்கால் மணி நேரம் நீடிக்கிறது. கோஸ்டரில் இது தலைகீழ்: ஆட்டம் வேகமானது, கண்ணுக்குப் பாதை தெரிகிறது, இரண்டு நிமிடத்தில் கதை முடிந்துவிடுகிறது. அதனால் ஏற்காடு பஸ்ஸில் துவண்டுபோகிறவர் பெரிய கோஸ்டரில் நிம்மதியாக இறங்கி வருவது சகஜம். அவர் பயப்பட வேண்டியவை வேறு, அவை சேலம் போஸ் மைதானப் பொருட்காட்சியில் போட்டு நாம் பார்த்துப் பழகிய சாதாரண ரைடுகள்.

பொருட்காட்சி வரிசை

ஜெயன்ட் வீலைப் பாரக் கணக்கில் சேர்க்கவே தேவையில்லை. 10 மீட்டர் ஆரத்தில் 15 நொடிக்கு ஒரு சுற்று சுற்றினால் கூடுவதும் குறைவதும் 0.2 ஜி-க்கும் கீழே. அங்கே வேலை செய்வது பயம் மட்டும்தான்: திறந்த தொட்டி, உச்சியில் நிறுத்தி ஆளேற்றுவது, எதிரில் இருப்பவர் வேண்டுமென்றே ஆட்டுவது.

கொலம்பஸ் அப்படியில்லை. ஊஞ்சல் கணக்கு இதற்கு அப்படியே பொருந்தும். கப்பல் 60 பாகை வரை ஏறினால் அடியைக் கடக்கும்போது 2 ஜி. 75 பாகை ஏறினால் கிட்டத்தட்ட 2.5. ஆனால் ஆளைக் கலக்குவது அடிப்பகுதி அல்ல, உச்சி. நடு வரிசைக்காரர் 60 பாகையில் நிற்கும்போது கடைசி வரிசைக்காரர் கப்பலின் நீளத்தால் இன்னும் 20, 25 பாகை கூடுதலாகச் சாய்ந்திருப்பார். அவருக்குச் சீட்டின் தாங்கல் ஏறக்குறைய பூஜ்யம். ஒரே டிக்கெட், ஒரே கப்பல், ஆனால் நடுவில் உட்கார்ந்தவருக்கும் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கும் கிடைப்பது இரண்டு வேறு ரைடுகள். அடிவயிறு ஜில்லென்பது பிடிக்காதவர் நடு வரிசையில் உட்கார்ந்தால் பாதி சங்கடம் தீர்ந்தது.

பிரேக் டான்ஸ்தான் இந்தக் கூட்டத்தில் வில்லன். மேடை ஒரு பக்கம் சுற்ற, தொட்டி தன் அச்சில் இன்னொரு பக்கம் சுற்றும். பாரம் 1 ஜி-க்கு மேல் பெரிதாக ஏறாது. ஆனால் உள்காதின் அரைவட்டக் குழாய்களில் இருக்கும் திரவம் சுழன்றுகொண்டே இருக்கிறது. அந்த நேரம் தலையைத் திருப்பினாலோ குனிந்தாலோ மூளைக்கு எந்தப் பக்கம் சுற்றுகிறோம் என்ற கணக்கே தவறிவிடும். ஆகவே பின்தலையைச் சாய்மானத்தில் அழுத்தி வைத்துக்கொள்ளுங்கள். வெளியே ஓடும் விளக்குகளைப் பார்க்காமல் பக்கத்தில் இருப்பவர் முகத்தையோ தொட்டியின் கைப்பிடியையோ பாருங்கள். ஏற்காடு பஸ்ஸில் தலைசுற்றுபவர்கள் தவிர்க்க வேண்டிய முதல் ரைடு இது. டோரா டோரா என்ற சுழல் ராட்டினத்துக்கும் இதே குணம், ஒரு படி குறைவு.

டிராகன் ரயில் குழந்தைகளுக்கானது. கழற்றி மாட்டும் தண்டவாளம் என்பதால் இணைப்புகளில் தட்டும். அந்தத் தட்டலைத் தீவிரம் என்று எண்ணிவிடக் கூடாது. குலுக்கல் வேறு, விசை வேறு. ஆடி மழைக்குப் பிறகு ஏறுவதாக இருந்தால் ரைடின் அடிக்கால்களுக்குக் கீழே வைத்த மரக்கட்டைகள் சேற்றில் இறங்கியிருக்கின்றனவா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

சில பூங்காக்களில் வைல்ட் மவுஸ் என்றொரு சின்ன கோஸ்டர் வகை இருக்கும். நாலு பேர் உட்காரும் பெட்டி, சாய்மானமே இல்லாத தட்டையான திருப்பங்கள். சக்கரங்கள் பெட்டியின் முன்நுனியைவிட உள்ளே தள்ளிப் பொருத்தப்பட்டிருப்பதால், தண்டவாளம் திரும்பிய பிறகும் பெட்டி நேராகப் போய் வெளியே விழப்போவது போலத் தோன்றிக் கடைசி நொடியில் வெட்டும். கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸின் மூக்கு முன்சக்கரத்தைத் தாண்டிப் பள்ளத்துக்கு மேல் நீளும்போது முன்சீட்டுக்காரருக்கு வருமே, அதே வயிற்றுக் கலக்கம். உயரமும் வேகமும் சொற்பம். ஆனால் விசை முழுவதும் பக்கவாட்டில் வருவதால் விலா எலும்பு பெட்டிச் சுவரில் இடிக்கும். சின்னதுதானே என்று குழந்தையை ஓரத்தில் உட்கார வைக்காதீர்கள். திருப்பத்தில் பெரியவரின் எடை மொத்தமும் அதன் மேல் சாயும்.

ரீகாயில்: முன்னாலும் பின்னாலும்

பிடதியில் இருக்கும் ரீகாயில், நெதர்லாந்தின் வெக்கோமா நிறுவனத்தின் பூமராங் மாதிரி. ஹைதராபாத் வொண்டர்லாவிலும் உண்டு. இந்த மாதிரியின் நிலையான அளவுகள்: கோபுரம் சுமார் 35 மீட்டர், பாதை 285 மீட்டர், வேகம் மணிக்குச் சுமார் 75 கி.மீ., ஒரு தடவைக்கு 28 பேர், உச்ச விசை 5.2 ஜி. ரயிலைப் பின்பக்கமாக இழுத்துக் கோபுரத்தில் ஏற்றி, முகம் தரையைப் பார்த்தபடி தொங்கவிட்டு, விடுவிப்பார்கள். மூன்று தலைகீழ், எதிர்க் கோபுரம், அங்கிருந்து அதே மூன்றும் பின்னோக்கி. மொத்தம் ஆறு.

35 மீட்டரிலிருந்து விழுந்தால் 75 கி.மீ. மட்டும்தானா என்று கணக்குப் போடுபவர் கேட்கலாம். 75 கி.மீ. வேகத்துக்கு 22 மீட்டர் வீழ்ச்சியே போதும். ரயில் நீளமானது, வால் உச்சியில் இருக்கும்போது நடுப்பகுதி பல மீட்டர் கீழே இருக்கிறது. வேகத்தைத் தீர்மானிப்பது நடுப்பகுதியின் உயரம். விளம்பரத்தில் பார்க்கும் உயரத்தை அப்படியே வேகமாக மாற்றிப் பார்ப்பது இங்கேதான் சறுக்குகிறது.

ஆனால் வேகம் குறைவு என்று நம்பி ஏறினால் கழுத்து பதில் சொல்லும். குறுகிய இடத்தில் மடக்கிப் போட்ட பாதை, வளைவுகள் இறுக்கம், ஒரு திசையிலிருந்து மறு திசைக்குச் சட்டென்று வெட்டும். பின்னோக்கிப் போகும்போது அடுத்து என்ன வரும் என்று கண்ணுக்குத் தெரியாது, அதனால் கழுத்துத் தசை முன்கூட்டி இறுகுவதில்லை. தோளுக்கு மேல் இறங்கி ஆளைச் சீட்டோடு பிடித்துக்கொள்ளும் சட்டமான ஹார்னஸில் காது மாறி மாறி இடிப்பது அப்போதுதான்.

இதற்குப் பாதி மருந்து ஏறும்போதே இருக்கிறது. இடுப்பை சீட்டின் உள்மூலைக்குத் தள்ளி நிமிர்ந்து உட்கார்ந்த பிறகுதான் ஹார்னஸை இறக்க வேண்டும். கூனி உட்கார்ந்து லாக் செய்தால் முதல் இறக்கத்திலேயே உடம்பு நிமிரப் பார்க்கும், தோளில் அழுத்தும். உடம்பு சரிந்தால் ஹார்னஸின் பூட்டு இன்னொரு பல் இறங்கி இறுகிக்கொள்ளும், முடியும் வரை தளராது. பின்தலையில் பெரிய கிளிப், கொண்டை, மல்லிகைச் சரம் இருந்தால் தலை முன்னே தள்ளி நிற்கும். இடிக்கும் தூரம் கூடும். சடையைப் பக்கவாட்டில் முன்னே விட்டுக்கொள்வது நல்லது. ஜிமிக்கி, தொங்கட்டான் கண்டிப்பாகக் கழற்ற வேண்டும்.

வரிசையைப் பொறுத்தும் அனுபவம் மாறும். முன்னோக்கிய பாதியில் பின்வரிசையைத்தான் அதிகம் சுண்டி இழுக்கும், உச்சியிலிருந்து விழுவது அதுதான். எதிர்க் கோபுரத்தில் நிலைமை மாறி முன்வரிசை மேலே போய்விடும். நடு வரிசையில் வெட்டு குறைவு, ஆனால் பள்ளத்தைக் கடக்கும் நேரத்தில் ரயில் அதன் உச்ச வேகத்தில் இருப்பதால் பாரம் சற்றுக் கூடுதல். முதல் தடவை ஏறுபவருக்கு நடுதான் சரி.

வளையம் ஏன் முழு வட்டமாக இல்லாமல் கண்ணீர்த்துளி வடிவில் இருக்கிறது என்பதும் இந்தப் பாரத்தோடு சம்பந்தப்பட்டதே. முழு வட்டத்தில் உச்சிக்கும் அடிக்கும் நடுவே 6 ஜி வித்தியாசம் வந்தே தீரும், வட்டம் எத்தனை பெரிதானாலும். 1895-இல் நியூயார்க்கின் கோனி தீவில் போட்ட ஃபிளிப் ஃபிளாப் முழு வட்டம். கழுத்தைப் பதம் பார்த்துச் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. ஜெர்மன் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல் 1976-இல் துளி வடிவத்தைக் கொண்டுவந்த பிறகுதான் தலைகீழ் ரைடு எல்லாருக்குமானதாயிற்று.

தஞ்சோராவும் நைட்ரோவும்

சென்னை வொண்டர்லாவின் தஞ்சோரா, சுவிட்சர்லாந்தின் பொல்லிகர் அண்ட் மபிலார் செய்த தொங்கு வகை. தண்டவாளம் தலைக்கு மேலே, கால் அந்தரத்தில். இந்த வகையை அதே நிறுவனம் 1992-இல் அமெரிக்காவில் முதன்முதலாக ஓட்டியது. இமேஜிகாவின் நைட்ரோவும் அவர்கள் கைவண்ணமே: தண்டவாளம் கீழே, ஆனால் பெட்டிக்குத் தரை இல்லை. சுமார் 40 மீட்டர் உயரம், 100 கி.மீ.-ஐத் தாண்டும் வேகம், ஐந்து தலைகீழ்.

எண்களைப் பார்த்தால் நைட்ரோ ரீகாயிலைத் தூக்கிச் சாப்பிட வேண்டும். உடம்பு அப்படிச் சொல்லாது. பாதையை உடம்பின் நடுப்பகுதியைச் சுற்றிச் சுழலும்படி வடிவமைப்பதால் விசை பெரும்பாலும் சீட்டுக்கு நேராக, தலையிலிருந்து காலுக்கு இறங்குகிறது. காதில் இடி குறைவு. ஆனால் அந்தப் பாரம் ஒரு நொடியில் வந்து போகாமல் நீண்டு நிற்கும். இரத்தம் காலுக்கு இறங்கிப் பாதம் மதமதக்கும், பசியோடு ஏறியவருக்குக் கண் ஓரம் சாம்பலாக மங்கும். தொடையையும் வயிற்றையும் இறுக்கி, மூச்சை அடக்காமல் சிறு சிறு மூச்சாக விட்டால் தெளிந்துவிடும். கத்துவதும் ஒருவகையில் அதற்கு உதவும்.

பயத்தில் தொங்கு வகையின் முன்வரிசைக்கு ஈடு கிடையாது. பார்வைக்கு முன்னால் எதுவுமே இல்லை, தூண்கள் காலருகே பறக்கும். பின்வரிசைக்காரருக்குத் தெரிவதெல்லாம் முன்சீட்டுகளின் முதுகு. இறக்கத்தில் சுண்டி இழுப்பது மட்டும் கூடுதல். நைட்ரோவைத் தேடிக் கோப்போலி வரை போவது அந்தப் பக்கம் வேறு வேலை இருந்தால்தான் கட்டும். இரண்டு ரைடுக்கும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவதே மேல்.

யாருக்கு எது

கழுத்தெலும்புத் தேய்மானம் இருப்பவர் ரீகாயிலை விட்டுவிட்டுத் தொங்கு வகையைப் பற்றியும் மருத்துவரைக் கேட்ட பிறகே யோசிக்கலாம். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, கர்ப்பம், அண்மையில் அறுவை சிகிச்சை என்றால் எதுவும் வேண்டாம். பிள்ளைகளுக்கு உயர அளவுகோல் பெரிய ரைடுகளில் பெரும்பாலும் 140 செ.மீ.; குதிகால் வைத்த செருப்பைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

சேலத்திலிருந்து வேனில் போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். விடியற்காலை கிளம்பி, தொப்பூர் கணவாய் தாண்டி, தூக்கமும் சாப்பாடும் தண்ணீரும் குறைந்த உடம்போடு கேட்டுக்குள் நுழைந்ததும் நேராக ரீகாயில் வரிசைக்கு ஓடுவார்கள். அன்று தலைசுற்றினால் பழி ரைடு மேல் விழும். வழியில் நாலு இட்லி, உள்ளே போனதும் அரை லிட்டர் தண்ணீர், முதலில் ஒரு சின்ன ரைடு, பிறகு பெரியது. பிரியாணி சாப்பிட்டால் இரண்டு மணி நேரம் தண்ணீர்ச் சறுக்குகளில் கழியட்டும். சுழலும் ரைடுகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அந்தக் குமட்டல் ஒட்டிக்கொண்டால் மீதி நாள் போச்சு, திரும்பும் வழியில் கணவாய் வேறு இருக்கிறது.

ஒரே ரைடு காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரி இருக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள். வெயில் ஏற ஏற மசகு இளகும், சக்கரங்கள் சூடேறும், உருளும் தடை குறையும். நிறைந்த ரயில் காலி ரயிலைவிடக் காற்றை எளிதாகக் கிழிக்கும். மென்மையாக வேண்டுமென்றால் திறந்ததும் வரும் பாதி நிரம்பிய முதல் ரயில்; முழு உக்கிரம் வேண்டுமென்றால் நாலு மணிக்கு மேல், ஆள் நிறைந்த ரயிலின் கடைசி வரிசை.