காயாத கயாக்: மூன்று ஆண்டு அனுபவம்

போன வாரம் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த என் காற்றடைக்கும் கயாக்கை, அதாவது துடுப்புப் படகைத் தூக்கிவந்து வீட்டில் இறக்கிய அன்றைக்கே, மினசோட்டாவிலிருந்து சித்தப்பா மகன் கூப்பிட்டான். "அண்ணே, நீங்க வச்சிருக்கிற அதே கயாக்கை நானும் வாங்கிடவா? ஆபீஸ் ஆளுங்களோட வாத்து வேட்டைக்குப் போறேன். செப்டம்பர் கடைசியில சீசன் ஆரம்பிச்சிரும்." நான் 780 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கியது இப்போது 520க்கு இறங்கியிருக்கிறதாம்.

அவனுக்கு அரைமணி நேரம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். நீளம், அகலம், எடை எல்லாம் விளம்பரத்திலேயே இருக்கும். விளம்பரத்தில் இல்லாதது ஈரம்.

காற்றடைத்த கயாக் வாங்கியதற்குக் காரணம் வீடுதான். 12 அடிப் படகை வீவக அடுக்குமாடி வீட்டில் எங்கே வைப்பது? தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். மடித்துப் பையில் போட்டு அலமாரிக்கு மேலே ஏற்றிவிடலாம் என்றுதான் இதை எடுத்தேன். இதன் அடித்தளம் 'டிராப் ஸ்டிச்' வகை. மேல் துணிக்கும் கீழ்த் துணிக்கும் நடுவே ஆயிரக்கணக்கான நூல்கள் ஓடுவதால், 8 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்று அடித்ததும் பலகைபோல விறைத்துக்கொள்ளும். அதன் இரு பக்கமும் குழாய்கள். அடித்தளமும் குழாயும் சேருகிற இடத்தில், முன்னிருந்து பின்வரை, ஒரு விரல் நுழைகிற இடுக்கு இருக்கிறது. கடல்நீர் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கவிழ்த்தாலும் வராது, செங்குத்தாக நிறுத்தினாலும் வராது.

ஒவ்வொரு முறையும் நடப்பது இது. பாசிர் ரிஸ் கடற்கரையிலிருந்து வீட்டுக்கு வந்து, குளியலறையில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, பாதிக் காற்றோடு வரவேற்பறையில் விரிப்பேன். பழைய துண்டைக் கயிறாக முறுக்கி இடுக்குக்குள் நுழைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுப்பேன். துண்டு கறுப்பு மணலோடும் சிப்பித் தூளோடும் வெளியே வரும். பிழிந்துவிட்டு மறுபடியும் இழுப்பேன். நான்காவது முறை இழுக்கும்போதும் துண்டின் நுனி ஈரமாகவே இருக்கும். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து இரவெல்லாம் விட்டு, காலையில் இடுக்குக்குள் விரல் விட்டுப் பார்த்தால் ஈரம் அப்படியே பிசுபிசுக்கும். வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். என் மனைவி நல்ல மனசுக்காரி, முதல் வருஷம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் வருஷம் ஞாயிறு ராத்திரிகளில் "இன்னிக்காவது மடிச்சிருவீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தாள். அவள் கேட்பது நியாயம்தான்.

போன டிசம்பரில் மழை விடாமல் பெய்தது. மூன்று நாள் காத்திருந்துவிட்டு, காய்ந்திருக்கும் என்று நினைத்து மடித்து வைத்தேன். பிப்ரவரியில் எடுத்து விரித்தபோது பூஞ்சை வாடை அடித்தது. துடைத்துவிட்டு எடுத்துப் போனேன். அன்றைக்கு உபின் தீவில் கரையேறி, கயாக்கை முழுக் காற்றோடு வெயிலில் விட்டுச் சாப்பிடப் போனது என் தப்பு. திரும்பி வந்தபோது அடித்தளத்தின் ஓரம் கொப்புளம்போல உப்பியிருந்தது. சோப்புத் தண்ணீர் தடவினால் ஒரு சாண் நீளத்துக்குக் குமிழி. பழுதுபார்த்தவர் ஒட்டிய இடத்தைப் பிரித்துக் காட்டினார். "ஈரமும் சூடும் சேர்ந்தா பசை உரிஞ்சுக்கும் சார். வெயில் கடைசித் தள்ளு தள்ளிடுச்சு, அவ்வளவுதான்." 140 வெள்ளி.

எனக்குக் கோபம் இங்கேதான். இருக்கையை நாலு பக்கமும் மாற்றி வைக்கலாம், துடுப்பை மாட்ட இடம் இருக்கிறது, தண்ணீர்ப் போத்தலுக்குக்கூட வலைப்பை தைத்திருக்கிறார்கள். அந்த இடுக்கின் பின்முனையில் ஒரு வடிகால் துளையும் ஒரு மூடியும் வைக்கத் தோன்றவில்லையே! விற்றவர்களுக்கு எழுதிக் கேட்டேன். 'நன்றாகக் காயவைத்த பிறகே மடிக்கவும்' என்று பதில் வந்தது. நவம்பர், டிசம்பர் சிங்கப்பூரில் எதை வைத்துக் காயவைப்பது?

ஆனால் தண்ணீரில் இறங்கிவிட்டால் வேறு கதை. பையைத் தோளில் போட்டு, சாங்கி முனையில் பம்போட்டில் (தீவுக்குப் போகும் சின்னப் பயணிப் படகு) 12 பேரில் ஒருவராக ஏறி உட்கார்ந்துவிடலாம். கப்பல்களும் தோணிகளும் போகிற அந்தக் கால்வாயைத் துடுப்புப் போட்டுக் கடக்க வேண்டியதில்லை. உபினில் இறங்கி, பம்ப் அடித்து, உபினுக்கும் கெத்தாம் தீவுக்கும் இடையே இருக்கிற ஓடைக்குள் நுழைந்தால் ஒரு சத்தம் இருக்காது. கடினப் பிளாஸ்டிக் கயாக்கில் துடுப்பு விளிம்பில் பட்டால் தகர டின்னைத் தட்டியதுபோலக் கேட்கும், அலையும் அடியில் தப்தப்பென்று அடிக்கும். இதில் துடுப்பு பட்டால் தலையணையில் கை வைத்ததுபோலத்தான். ஒரு காலை நீர் வடிகிற நேரம், சதுப்பு வேர்களை ஒட்டி மிதந்துகொண்டிருந்தேன். பதினைந்து அடி தூரத்தில் பெரிய அலகு நாரை. இங்கே காணக் கிடைப்பது மிக அரிது. அது ஒரு காலைத் தூக்கி, விரல்களைக் குவித்து, நீரில் வளையம்கூட எழாமல் அடுத்த அடி வைத்தது. கேமராவை மடியிலேயே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடினப் படகில் போயிருந்தால் அது ஐம்பதடியிலேயே பறந்திருக்கும்.

தம்பி விஷயம் வேறு. இங்கே வனவிலங்குச் சட்டம் காட்டுப் பறவையைக் கொல்ல விடாது, என் வேலை பார்ப்பதோடு சரி. அவன் கையில் துப்பாக்கி இருக்கும், கூடவே லாப்ரடார் நாய் வரும். காலடியில், வாத்துகளை ஏமாற்றி வரவழைக்க மிதக்கவிடும் இரண்டு டஜன் போலி வாத்துகள், ஒவ்வொன்றுக்கும் கயிற்றில் கட்டிய ஈயக்குண்டு. நாய் நகத்துக்கும் முறிந்த நாணல் தட்டைக்கும் நவம்பரில் ஏரியோரம் கட்டுகிற பனிக்கட்டிக்கும் இந்த பிவிசி துணி எத்தனை நாள் தாங்கும்? குளிரில் உள்ளே இருக்கிற காற்றும் சுருங்கும். கதகதப்பான வீட்டில் விறைப்பாக அடித்தது தண்ணீரில் தொளதொளத்துவிடும். இடுக்கில் தங்கிய நீர் உறையும்.

அவனுக்குச் சொன்னது: பாலிஎத்திலீன் கடினக் கயாக் வாங்கு. பத்து முதல் பன்னிரண்டு அடி, அகலம் 32 அங்குலத்துக்குக் குறையாமல், அடிப்பாகம் தட்டையாக, நிறம் காய்ந்த நாணல்போல. படகு தாங்கும் என்று விளம்பரத்தில் போட்ட எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றாதே, நாயையும் கணக்கில் சேர். துடுப்பு படும் விளிம்பில் நுரைப்பட்டை ஒட்டு, பாதிச் சத்தம் போய்விடும். முனைக்கு நேரே வருகிற வாத்தை மட்டும் சுடு. பக்கவாட்டில் திரும்பிச் சுட்டால் துப்பாக்கியின் உதை படகைச் சாய்த்துவிடும்.

எனக்கு அதைவிடப் பயம் தண்ணீர்தான். இங்கே விழுந்தால் வெதுவெதுப்பான கடல். அங்கே குளிர்நீரில் விழுந்தவருக்கு மூச்சு நிதானத்துக்கு வர 1 நிமிஷம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிஷம், நினைவு தப்ப 1 மணி நேரம் என்று ஒரு கணக்கு உண்டு. "மேல்சட்டை தடிமனா இருக்குன்னு உயிர்காப்பு அங்கியைக் கழட்டி வச்சிராதடா" என்று மூன்று முறை சொன்னேன். "சரிண்ணே, சரிண்ணே" என்றான். சித்தியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. 520 வெள்ளிக்கும் வாங்கச் சொல்லமாட்டேன், அந்த வடிகால் துளை வரும்வரை. நேற்று ராத்திரி புது ஒட்டுக்குக் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட இல்லை. சனிக்கிழமை விடியற்காலை ஏற்றநீர் ஏழு மணிக்கு, முதல் பம்போட்டைப் பிடித்தால் ஓடைக்குள் போய்விடலாம். துண்டு துவைத்துக் காய்கிறது.