ஜேமி ஆலிவர் பேர் போட்ட ஃப்ரை பேன்: சட்டி ஓகே, அந்தப் பேருக்குத்தான் பெரிய கதை

மாமியார் திருச்சிலேர்ந்து லண்டனுக்கு வந்தப்போ வீட்ல இருந்த பழைய நான்ஸ்டிக் தோலுரிஞ்சு பாக்கவே கண்றாவியா இருந்துச்சு, சரி வந்தவங்க முன்னாடி மானம் போக வேணாம்னு ஓடிப்போய் வாங்கினதுதான் டெஃபால்ங்கற பாத்திரக் கம்பெனியோட இந்த ஜேமி ஆலிவர் 28 சென்டிமீட்டர் ஃப்ரை பேன். எட்டு மாசமா தினமும் அடுப்புல ஏறுது, அதனால இப்போ எழுதலாம்னு தோணுச்சு.

முதல்ல சட்டி. நல்ல கனம், அடி தடிமன், இன்டக்ஷன்லயும் வேலை செய்யுது, ஸ்டீல் கைப்பிடியை ரிவெட் போட்டு அடிச்சிருக்காங்க, ஆடவே இல்ல. நடுவுல ஒரு சிவப்பு வட்டம் இருக்கும், அதுக்குள்ள டிசைன் மாதிரி ஒண்ணு, சூடு ஏறினா டிசைன் மறைஞ்சு முழுசா சிவப்பாயிடும், அப்போ ஊத்தலாம்னு அர்த்தம். ஆம்லெட், மீன் வறுவல், பனீர் எல்லாம் பிரமாதமா வருது. தோசைக்கு மட்டும் ஒரு விஷயம், அந்த வட்டம் முழு சிவப்பாகற வரைக்கும் காத்திருந்தா போச்சு, மாவு பரவாம கரண்டியோடயே சுருண்டு கிட்ட வந்துடும். எல்லா நான்ஸ்டிக்கும் இப்படித்தான். மாமியார் ரெண்டாவது தோசையிலயே கண்டுபிடிச்சுட்டாங்க, தீயை குறைச்சு, தண்ணி தெளிச்சு துணியால ஒரு துடை துடைச்சு உடனே ஊத்துறாங்க, கண்ணாடி மாதிரி வருது. ஆனா இரும்புக்கல் தோசையோட அந்த வாசம் இதுல வராது, அதை எதிர்பாத்து வாங்காதீங்க. நடுவுல ஒரு கீறல் இருக்கு, அது நான் ஸ்டீல் தோசைத்திருப்பியால போட்டது, சட்டி மேல தப்பு இல்ல.

மொத நாள் கழுவும்போது கைப்பிடியைப் பாத்துட்டு அத்தை கேட்டாங்க, "யாரு மாப்பிள்ளை இந்த ஜேமி, சட்டி செஞ்சவரா?" இல்ல அத்தை, டீவில சமைக்கறவர்னேன். "சமைக்கறவர் பேரை எதுக்கு சட்டில போடணும், நம்ம பக்கம் பாத்திரத்துல பேர் வெட்டினா வாங்கிக் குடுத்தவங்க பேர்தானே வெட்டுவோம்?" நியாயமான கேள்வி. அன்னிக்கு தோசை முடியற வரைக்கும் அந்த ஆளோட கதையைத்தான் சொல்லிட்டிருந்தேன், அதையே இங்கயும் சொல்லிடறேன், ஏன்னா இதுல பாதி காசு அந்தப் பேருக்குத்தான் போகுது.

எசெக்ஸ்ல கிளாவரிங்னு ஒரு கிராமம், அங்க அப்பா அம்மா நடத்தின பப் கிச்சன்ல வளர்ந்த பையன். டிஸ்லெக்சியா, அதாவது எழுத்துக்கூட்டிப் படிக்கறதுல சிரமம், படிப்பு ஏறல, 16 வயசுல ஸ்கூலை விட்டு கேட்டரிங் காலேஜ். அப்புறம் லண்டன்ல ரிவர் கஃபேங்கற ரெஸ்டாரன்ட்ல வேலை பாக்கும்போது டாக்குமென்டரி எடுக்க வந்த கேமரா இவரைப் பிடிச்சுக்கிச்சு, 1999ல பிபிசில சொந்த நிகழ்ச்சி. அதுவரைக்கும் டீவி சமையல்னா வாத்தியார் பாடம் நடத்தற மாதிரி இருக்கும், இவர் எலுமிச்சையை கையாலயே பிழிஞ்சு, அளவே சொல்லாம ஒரு கை அள்ளிப் போட்டு, ஃப்ரெண்ட்ஸை கூப்பிட்டு சோறு போட்டாரு. ஆம்பளைப் பசங்க அடுப்பு பக்கம் வந்ததுக்கு இவரும் ஒரு காரணம்னு இங்க இன்னிக்கும் சொல்லுவாங்க.

2005ல பண்ணதுதான் எனக்கு இவர் மேல மரியாதை வந்த இடம். ஸ்கூல் மதிய சாப்பாடு. லண்டன் கிரீனிச் பக்கம் ஒரு ஸ்கூல் கிச்சன்ல போய் நின்னு, ஒரு பிள்ளைக்கு சாப்பாட்டு சாமானுக்கு வெறும் 37 பென்ஸ்தான் ஒதுக்கறாங்கன்னு டீவில போட்டு உடைச்சாரு. டர்க்கி ட்விஸ்லர்னு வான்கோழி போட்டு ஸ்பிரிங் மாதிரி ஒரு ஐட்டம், அதுல மூணுல ஒரு பங்குதான் கறி, அதைத்தான் பிள்ளைங்க வாரம் பூரா தின்னுட்டிருந்துச்சு. 2,71,000 பேருக்கு மேல கையெழுத்து வாங்கி பிரதமர் வீட்டு வாசலுக்கு எடுத்துட்டுப் போனாரு, அரசாங்கம் 28 கோடி பவுண்டு ஒதுக்குச்சு. மறு வருஷமே வட இங்கிலாந்துல ராதர்ஹாம் பக்கம் சில அம்மாமாருங்க ஸ்கூல் வேலிக்கு வெளிய நின்னு பர்கரும் சிப்ஸும் கம்பி வழியா உள்ள குடுத்தாங்க, பேப்பர்ல போட்டோவோட வந்துச்சு. எங்க பிள்ளை என்ன சாப்பிடணும்னு சொல்ல நீ யாருன்னு கோவம். ஜேமி என்ன பண்ணாரு தெரியுமா, 2008ல அதே ராதர்ஹாமுக்கே போய் சமையல் கிளாஸ் ஆரம்பிச்சாரு!

2010ல வந்த நிகழ்ச்சிக்காக இதே வேலையா அமெரிக்கா போனாரு, வெஸ்ட் வர்ஜினியால ஹன்டிங்டன்னு ஒரு ஊர். ஒண்ணாவது படிக்கற குழந்தைங்க தக்காளியைக் காட்டினா உருளைக்கிழங்குங்குது. இன்னொரு நாள் கோழியோட எலும்பு, தோல், கழிவு எல்லாத்தையும் மிக்சில போட்டு கூழாக்கி, இதுலதான் நக்கெட் செய்யறாங்கன்னு காட்டிட்டு, பொரிச்செடுத்து யாருக்கு வேணும்னு கேட்டாரு. இங்கிலாந்துல பிள்ளைங்க மூஞ்சியை சுளிச்சிருந்துச்சு, அங்க கையைத் தூக்கிட்டாங்க. இவர் மூஞ்சி போன போக்கை பாக்கணுமே, அதைச் சொன்னப்போ அத்தை விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

இதெல்லாம் நல்ல பக்கம். ஆனா யார் வீட்டு அடுப்படியா இருந்தாலும் நம்ம வீடுதான்னு நினைச்சு நேரா உள்ள வந்து மூடியைத் திறந்து பாக்கற குணம் இருக்கே, அரசாங்க கிச்சன்ல நல்லது பண்ணின அதே குணம்தான் அடுத்தவங்க சமையல்ல கை வைக்கும்போது அடி வாங்கித் தந்துச்சு. 2014ல ஜோலோஃப் ரைஸ், அந்தப் பக்கத்து தக்காளி சாதம், மேற்கு ஆப்பிரிக்காவே கொதிச்சுது, செர்ரி தக்காளி, பார்ஸ்லி, எலுமிச்சைத் துண்டுன்னு என்னென்னமோ. ஆபீஸ்ல எங்கூட இருக்கற நைஜீரியா ஃப்ரெண்டு இன்னிக்கும் அந்தப் பேரைச் சொன்னா டிபன் டப்பாவை மூடிடுவான். நம்ம வெண்பொங்கல்ல யாராவது சீஸ் துருவிப் போட்டு இதான் பொங்கல்னு புக்ல போட்டா சும்மா இருப்போமா? 2016ல பாயெயாங்கற ஸ்பெயின் சோத்துல சோரிசோன்னு பன்றிக்கறி சாசேஜ், ஸ்பெயின்காரங்க கிழிச்சுட்டாங்க. 2018ல ஜெர்க் ரைஸ்னு ஒரு பாக்கெட் சோறு வித்தாரு, ஜெர்க்ங்கற ஜமைக்கா சமையலுக்கு உண்டான மசாலாவே பாதி இல்லன்னு எம்பி டான் பட்லரே கேட்டாங்க. எக் ஃப்ரைட் ரைஸ்ல சில்லி ஜாம் போட்டதைப் பாத்து மலேசியா காமெடியன் நைஜல் இங், அதான் யூடியூப் அங்கிள் ரோஜர், கலாய்ச்சு தள்ளிட்டாரு, அதோட உலகமே சிரிச்சுது. 2024ல குழந்தைங்களுக்கு ஒரு கதைப் புக் எழுதி, அதுல ஆஸ்திரேலிய பழங்குடிப் பொண்ணைக் காட்டின விதத்துக்கு அந்த மக்கள்கிட்டேர்ந்து கடுமையான எதிர்ப்பு, எழுதறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல, கடைசில மன்னிப்பு கேட்டு புக்கையே திரும்ப எடுத்தாங்க. சோத்துல சில்லி ஜாம் போட்டதை சிரிச்சுட்டு விட்டுடலாம், இதை என்னால அப்படி விட முடியல.

பேரைக் குடுக்கறதுலயும் கை ரொம்ப தாராளம். 11 வருஷம் செயின்ஸ்பரிஸ் சூப்பர்மார்க்கெட் விளம்பரம், 2018ல பெட்ரோல் பங்க் சாப்பாட்டுக்கு ஷெல்லோட டீல். 2008ல ஆக்ஸ்போர்டுல ஆரம்பிச்ச ஜேமிஸ் இத்தாலியன் ரெஸ்டாரன்ட் சரசரன்னு ஊர் ஊரா பரவி, 2019 மே மாசம் படுத்துருச்சு, அவரோட மொத்த 25 ரெஸ்டாரன்ட்ல 22 மூடி சுமார் 1,000 பேருக்கு வேலை போச்சு. சொந்தக் காசு 1.3 கோடி பவுண்டு கிட்ட உள்ள போட்டும் நிக்கல. "அவ்ளோ பேர் வேலை போயிருக்கு, இவரு பேர் மட்டும் சட்டில அப்படியே இருக்கா?"ன்னாங்க அத்தை. இருக்கு. சட்டியைச் செய்யறது டெஃபால், அதனால சட்டி தப்பிச்சுது.

சரி வாங்கலாமா? தள்ளுபடில வந்தா தாராளமா வாங்குங்க. முழு விலைன்னா பக்கத்துல பேர் போடாத டெஃபாலும் இருக்கும், அடியைத் தட்டிப் பாத்து, கனம் பாத்து முடிவு பண்ணுங்க. ரெண்டு பேருக்கு 24 போதும், 28 கழுவறதுக்கு சிங்க்ல இடம் பிடிக்கும். நான் வாங்கினதுல மூடி கிடையாது, வீட்ல இருந்த வேற மூடியை வச்சு ஓட்டறேன். மரக்கரண்டி கட்டாயம். அஞ்சுக்கு நாலு.

அத்தை ஊருக்குக் கிளம்பும்போது ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். போன வாரம் வீடியோ கால்ல கைப்பிடியைக் காட்டினாங்க, பெரிய கடை வீதில பாத்திரக்கடைக்காரர்கிட்ட குடுத்து ஜேமி ஆலிவருக்கு கீழயே என் பேரையும் தேதியையும் வெட்டி வாங்கியிருக்காங்க.