இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறினால்: எங்கள் ஹெரால்டில் கேஜ் கோளாறு தீர்ந்த கதை

எங்கள் ஸ்டாண்டர்டு ஹெரால்டு அப்பா காலத்து கார். சென்னையில் தயாரானது, பானெட் மொத்தமும் முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். இருபது வருடமாக நான்தான் ஓட்டுகிறேன். மாதம் ஒரு தடவையாவது திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் போய் வருவோம். மீட்டர் போர்டில் ஸ்பீடோமீட்டர், பெட்ரோல் கேஜ், அப்பா பிற்பாடு மாட்டிய டெம்பரேச்சர் கேஜ், அவ்வளவுதான் உண்டு. அந்த மூன்றும் உண்மை சொன்னால்தான் எனக்கு நிம்மதி.

2023 டிசம்பர் வெள்ளத்தின்போது வண்டி சிந்துபூந்துறையில் உறவினர் வீட்டில் நின்றது. தாமிரபரணித் தண்ணீர் ஸ்டியரிங் வரை ஏறிவிட்டது. ஆயில் மாற்றி, கார்பரேட்டரைக் கழுவி, ஒருவழியாக ஓடவைத்தோம். கேஜ்கள் அப்போது சரியாகவே காட்டின. ஐந்தாறு மாதம் கழித்து ஒரு நாள், சேரன்மகாதேவி தாண்டியதும் டெம்பரேச்சர் முள் நேரே சிவப்புக்குப் போய்விட்டது. பதறிப்போய் ஓரங்கட்டினேன். ஆவி இல்லை, கொதிக்கும் சத்தம் இல்லை. ரேடியேட்டர் மூடியைத் தொடாமல் அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன்.

பக்கத்து ஒர்க்‌ஷாப்பில், இன்ஜின் சூட்டை அறிந்து கேஜுக்குச் சொல்லும் சென்சாரை மாற்றினார்கள். மறுநாள் முள் அடியிலேயே படுத்துவிட்டது. காரணம் பிறகு தெரிந்தது: தண்ணீர் கசியாமல் இருக்கட்டும் என்று மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றியிருக்கிறார்கள். அந்தச் சென்சாருக்கு மரைதான் எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழி. டேப்பை எடுத்ததும் முள் மறுபடி சிவப்பில் போய் நின்றது.

பாளையங்கோட்டையில் வயதான ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருவர் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சிதான். வண்டியைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பெட்ரோல் முள்ளு எப்படி இருக்கு தம்பி?"

அப்போதுதான் யோசித்தேன். சில வாரமாகவே அது டேங்க் நிறைய இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது. ஒருநாள் கல்லிடைக்குறிச்சி பக்கம் வண்டி நின்றுபோய், ரிசர்வ் திருப்பித்தான் வந்திருந்தேன். "ரெண்டும் சேந்து பொய் சொல்லுதுன்னா, ரெண்டுக்கும் பொதுவா இருக்கதப் பாருங்க" என்றார்.

பொதுவாக இருந்தது மீட்டர் போர்டுக்குப் பின்னால் உள்ள சின்னத் தகர டப்பா, வோல்டேஜ் ஸ்டெபிலைசர். இந்த வகைக் கேஜுக்குள் இரட்டை உலோகப் பட்டை இருக்கும். மின்சாரம் பாய்ந்தால் அது சூடாகி வளையும், முள் நகரும். அதனால்தான் சாவி போட்டதும் முள் துள்ளாமல் மெதுவாக ஏறும். அதற்குச் சராசரியாக 10 வோல்ட் போதும். ஸ்டெபிலைசர் மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பி அந்த அளவைக் காக்கிறது. அந்த டப்பாவின் எர்த் போய்விட்டால் உள்ளே இருக்கும் சுருள் சூடாகாது, காண்டாக்ட் பிரியாது. பேட்டரி வோல்டேஜ் அப்படியே கேஜுக்குப் போகும். ஓடும்போது 14 வோல்ட் வரைகூட. இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறும். எங்கள் வண்டியில் அதன் ஸ்க்ரூவுக்கு அடியில் வெள்ளத்தின் வண்டலும் துருவும் கெட்டியாகப் படிந்திருந்தன.

ஹெரால்டில் சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் தனி, பாடி தனி. போல்ட் போட்டு முடுக்கியது. எர்த் எந்த இணைப்பில் வேண்டுமானாலும் அறுபடலாம். அதனால் ஸ்க்ரூவைத் தேய்த்துச் சுத்தம் செய்ததோடு விடவில்லை. ஸ்டெபிலைசரிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை தனி ஒயர் இழுத்தோம், பெட்ரோல் டேங்கிலிருந்து சேஸிஸுக்கு இன்னொன்று. பழைய ஸ்டெபிலைசரும் களைத்திருந்ததால், அதே டப்பாவுக்குள், 10 வோல்டை நிலையாகக் கொடுக்கும் 7810 என்ற மூன்று கால் ஐ.சி.யை அண்ணாச்சி பொருத்தினார். எங்கள் வண்டி ஏற்கெனவே நெகட்டிவ் எர்த்துக்கு (பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு சேரும் முறை) மாற்றியது, அதனால் முடிந்தது. பாசிட்டிவ் எர்த் வண்டி வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்துவிடாதீர்கள்.

ஒரு முள் மட்டும் தகராறு செய்தால் வழி வேறு. சாவியை அணைத்துவிட்டு சென்சார் ஒயரைக் கழற்றி எர்த்தில் கட்டுங்கள். பிறகு சாவி போட்டுப் பாருங்கள். முள் உச்சிக்கு ஏறினால் கேஜும் ஒயரும் நல்லவை, குறை சென்சாரிலோ அதன் எர்த்திலோதான். முள் ஏறியதும் அணைத்துவிடுங்கள், அப்படியே விட்டால் கேஜ் கெடும். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் இந்தச் சோதனையே வேண்டாம், ஒரு பொறி போதும். ஒயரின் மீட்டர் போர்டு முனையில் செய்யுங்கள்.

ஸ்பீடோமீட்டர் முள் நடுங்கியதற்குக் காரணம் கேபிளில் ஏறிய துரு. புது இன்னர் கேபிள் போட்டு லேசாக கிரீஸ் தடவினோம், மேல்முனையில் சில அங்குலம் மட்டும் விட்டுவிட்டு. இல்லையென்றால் கிரீஸ் ஏறி மீட்டருக்குள் போய்விடும்.

இதெல்லாம் முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, நடுவில் ஒரு ஐப்பசி மழைக்காலமும் போய்விட்டது. டெம்பரேச்சர் முள் பாபநாசம் ஏற்றத்திலும் நடுவைத் தாண்டுவதில்லை. டேங்கை வடித்துவிட்டு 5 லிட்டர் 5 லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் முள் எங்கே நிற்கிறது என்று ஒரு தாளில் வரைந்து டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒட்டியிருக்கிறேன். போன வாரம் பெட்ரோல் போட்டபோதும் முள் அந்தத் தாளில் இருந்தபடியே வந்து நின்றது.