வெப் பக்கத்தில் படம்: 1993-இல் மோதிய யோசனைகளில் எது தேவலை?

1993 தொடக்கத்தில் வெப் பக்கம் என்றால் பெரும்பாலும் எழுத்துதான். படம் வேண்டுமா, ஒரு லிங்க் இருக்கும். அழுத்தினால் தனி ஜன்னலில் திறக்கும். வரிகளுக்கு நடுவிலேயே படம் வர வேண்டும் என்று பலருக்கும் ஆசை. எப்படி என்பதில்தான் தகராறு.

அந்த ஆண்டு பிப்ரவரி 25 அன்று, இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ கணினி மையத்தில் மொசைக் பிரவுசரை எழுதிக்கொண்டிருந்த மார்க் ஆண்ட்ரீசன் ஐஎம்ஜி (IMG) என்ற டேகை, அதாவது 'இங்கே படத்தைக் காட்டு' என்று பிரவுசருக்குச் சொல்லும் குறியீட்டை, முன்மொழிந்தார். உள்ளே எஸ்ஆர்சி என்று படத்தின் முகவரி, அவ்வளவுதான். மூடும் டேக் கிடையாது. எந்தப் பட வடிவத்தை ஏற்பது என்பது பிரவுசரின் இஷ்டம். எழுதுகிறவருக்கு இதைவிடச் சுலபமாக எதுவும் இருக்க முடியாது. ஆனால் படம் காட்டத் தெரியாத பிரவுசரில் என்ன தெரியும்? எழுத்துத் திரையில் ஓடும் பிரவுசர்கள் அன்று நிறைய. அறியாத டேகை அவை தாண்டிப் போய்விடும். அங்கே ஒரு படம் இருந்ததே வாசகருக்குத் தெரியாது.

ஸ்டான்ஃபோர்டின் எஸ்எல்ஏசி ஆய்வகத்தில் மைடாஸ் பிரவுசரை உருவாக்கிய டோனி ஜான்சன், கிட்டத்தட்ட இதையே ஐகான் என்ற பெயரில் ஏற்கெனவே செய்துவைத்திருந்தார். கூடுதலாக ஒரு பெயர். அந்தப் பெயரில் பிரவுசருக்குள்ளேயே படம் இருந்தால் நெட்வொர்க்கைத் தொட வேண்டியதில்லை. எழுத்துப் பிரவுசர்களுக்கு அந்தப் பெயரே ஒரு துப்பு. சின்ன விஷயம்தான், ஆனால் ஐஎம்ஜியின் பெரிய ஓட்டையை அடைத்தது இதுதான்.

வெப்பையே உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ புது டேகே வேண்டாம் என்ற பக்கம். வழக்கமான லிங்க் டேகிலேயே 'இதை இங்கே பதித்துக் காட்டு' என்று ஒரு உறவுக் குறிப்பைச் சேர்த்தால் போதும் என்றார். குறிப்பு புரிந்த பிரவுசர் படத்தைக் காட்டும். புரியாதது 'படம்' என்ற சொல்லை லிங்காகக் காட்டும், அழுத்திப் பார்த்துக்கொள்ளலாம். யாருடைய பக்கமும் உடையாது. வாசகர் பக்கம் நின்று பார்த்தால் என் ஓட்டு இதற்குத்தான். ஒரே சிக்கல், லிங்குக்குள் லிங்க் வைக்க முடியாது. படமே லிங்க் என்றால், அதை அழுத்தி வேறொரு பக்கத்துக்குப் போவது எப்படி? ஐஎம்ஜியை லிங்குக்குள் போட்டால் பட்டன் தயார்.

படத்துக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று என்று தனித்தனி டேக் எதற்கு, எதையும் உள்ளே இழுக்கும் ஒரே டேகும், ஃபைல் படமா ஒலியா என்று சொல்லும் மைம் வகைக் குறிப்பும் போதும் என்றார்கள் வேறு சிலர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ள அன்று புழங்கிய எச்டிடிபி 0.9 விதிமுறையில் சர்வர் வெறும் ஃபைலைத்தான் தரும். அது எந்த வகை என்று சொல்ல இடமே இல்லை. மொசைக்கோ ஃபைலைத் திறந்து பார்த்தே பட வடிவத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது.

மார்ச் 12-இல் ஆண்ட்ரீசன் பேச்சை முடித்துவிட்டார்: மொசைக்கின் அடுத்த பதிப்பு வரப்போகிறது, ஐஎம்ஜிதான், பொதுவான டேகுக்கு இப்போது தயாரில்லை. ஓடுகிற புரோகிராம் கையில் இருந்தவர் சொன்னதே சட்டமாயிற்று.

அதன்பிறகு டேவ் ராகெட், வெப் பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்லை விரிவாக்கும் தன் எச்டிஎம்எல் பிளஸ் வரைவில் ஃபிக் என்ற டேகைக் கொண்டுவந்தார். திறந்து மூடும் டேக். தலைப்பு, விளக்கம், படம் வராவிட்டால் காட்ட வேண்டிய எழுத்து எல்லாவற்றையும் உள்ளேயே வைக்கலாம். வடிவமைப்பில் இதுதான் முதலிடம். காலத்தில்தான் பிந்திவிட்டது, இதைச் சுமந்த எச்டிஎம்எல் 3.0 வரைவும் காலாவதியாகிப் போனது.

மூடும் டேக் இல்லாத ஐஎம்ஜிக்கோ நடுவில் எதையும் வைக்க இடமில்லை. அதனால் மாற்று எழுத்தை எஸ்ஆர்சி போலவே ஆல்ட் என்ற பண்பாக டேகிலேயே ஒட்டவைத்தார்கள். 1995-இல் எச்டிஎம்எல் 2.0-இல் அது விருப்பம். 1997-இல் எச்டிஎம்எல் 4 கட்டாயமாக்கியது. கட்டாயமாக்கினால் மட்டும் யார் எழுதுகிறார்கள்? வெறும் வாக்கியம்தான் அதில் போடலாம். அட்டவணையோ லிங்கோ முடியாது. வரைபடம் ஒன்றைப் பார்வையற்றவருக்கு விளக்க ஃபிக் தந்திருக்கும் வசதி இதில் இல்லை. எதையும் இழுக்கும் அந்தப் பொது டேகும் எச்டிஎம்எல் 4-இல் ஆப்ஜெக்ட் என்ற பெயரில் வந்தது. ஐஎம்ஜியின் இடத்தை அதனால் பிடிக்க முடியவில்லை. திரைக்கேற்ப வேறு வேறு படம் தரும் இன்றைய பிக்சர் டேகிலும், உள்ளே ஓர் ஐஎம்ஜி இல்லாவிட்டால் எதுவும் தெரியாது.