புத்தம் புதியது என்று தேய்ந்த ஊசியைத் தலையில் கட்டினார்கள்: 4,800 ரூபாய் போயிற்று

திருநெல்வேலிச் சந்திப்புப் பகுதியில் பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபையர், ரெக்கார்டு பிளேயர் ஆகியவற்றைப் பழுதுபார்த்து விற்கும் கடை ஒன்றில், புத்தம் புதியது என்று சொல்லப்பட்ட கார்ட்ரிட்ஜுக்கு (ரெக்கார்டு பிளேயரில் ஊசியைத் தாங்கும் சிறு பாகம்) 4,800 ரூபாய் கொடுத்தேன். அதன் ஊசி ஏற்கெனவே பலகாலம் ஓடித் தேய்ந்தது என்பது நேற்றுத்தான் உறுதியாயிற்று. ரெக்கார்டு வைத்திருக்கும் நம் ஊர்க்காரர் இன்னொருவர் அந்தப் படியை மிதிப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

அந்தக் கடைக்காரரை யாராயிருந்தாலும் நம்பியிருப்பார்கள். நான் சோதிக்கக் கொண்டுபோன காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரத் தட்டை, பள்ளத்தில் விரல் படாமல் விளிம்பை மட்டும் பிடித்து எடுத்தார். தம் தகப்பனார் கோயில் கொடைகளுக்கு மைக்செட் கட்டியவர் என்றும், காருகுறிச்சியார் வாசிப்பைக் கேட்டே தாம் வளர்ந்ததாகவும் சொன்னார். கார்ட்ரிட்ஜை என் ரெக்கார்டு பிளேயரில் தாமே பொருத்தி, ஊசி தட்டை அழுத்தும் எடையையும் அமைத்து, "வைர ஊசி அண்ணாச்சி, எடை கரெக்டா 2 கிராம் வச்சிருக்கேன், பயப்படாம கொண்டு போங்க" என்றார். தட்டின் தொடக்கத்தை மட்டும் ஓட்டிக் காட்டினார். ஒலி தெளிவாகவே இருந்தது.

சூழ்ச்சி அங்கேதான் இருந்தது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் எல்.பி. தட்டின் வெளி விளிம்பில், ஊசிக்கு அடியில் பள்ளம் நொடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. உள்முனையில் அது 21 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடுவதால், அதே ஒலி அங்கே மிகவும் நெருக்கிப் பதிந்திருக்கும். தேய்ந்த ஊசியால் அந்த நெளிவுகளைப் பின்தொடர முடியாது. வீட்டில் ஓட்டியபோது, தட்டின் கடைசிப் பகுதியில் நாதசுரம் மேல் ஸ்தாயியை எட்டிய இடமெல்லாம் கரகரவென்று சிதைந்தது.

தொலைபேசியில் கேட்டதற்கு, "தட்டு பழசுல்லா அண்ணாச்சி, ஊசியைச் சொல்லி என்ன செய்ய" என்றார். மறுபடி கேட்டபோது, புது ஊசி பழகக் கொஞ்சம் நாளாகும் என்றார். புதிய கார்ட்ரிட்ஜின் ரப்பர் பிடிப்பு தளரச் சில மணி நேரம் ஓட வேண்டும் என்பது உண்மையே. ஆனால் அதனால் ஏற்படும் வேறுபாடு சிறியது, இப்படிப்பட்ட சிதைவு அதனால் வருவதில்லை. நேரில் போனால் கடைப்பையன், "முதலாளி தென்காசிக்குப் போயிருக்காவ" என்றான். கடைசியாகக் கடைக்காரரைப் பிடித்துக் கேட்டபோது, எலக்ட்ரானிக் சாமானுக்குக் கேரண்டி கிடையாது என்று பில்லிலேயே போட்டிருப்பதாகச் சொன்னார். 4,800 ரூபாய் வாங்கிய மனிதர் எனக்குப் பில்லே தரவில்லை!

பாளையங்கோட்டையில் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் பணிபுரியும் என் மைத்துனர் ஊசியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். வழவழப்பாக உருண்டிருக்க வேண்டிய முனையின் இரு பக்கமும் தட்டையாகத் தேய்ந்திருந்தன. டவுனில் நகைப்பட்டறை வைத்திருப்பவரின் சிறு தராசில் ஊசியை இறக்கிப் பார்த்தால், 2 கிராம் என்றது 4 கிராமை நெருங்கியது. தேய்ந்த ஊசி துள்ளாதிருக்க, கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான டோன்ஆர்மின் பின்புற எடையை முன்னால் திருகிக் கூட்டி வைத்திருக்கிறார். அந்தக் கூடுதல் எடையோடு ஓடிய ஊசி பள்ளத்தின் சுவரைச் செதுக்கிவிட்டது. அதை இனி எவராலும் சரிசெய்ய முடியாது. 1964-இல் மறைந்த கலைஞரின் வாசிப்பு அது. என் தந்தையார் வாங்கி வைத்த தட்டு. 4,800 ரூபாயைவிட அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவற்றை விரிவாக எழுத எண்ணியிருந்தேன். இப்போதைக்கு இவ்வளவே முடிகிறது. தட்டின் கடைசிப் பாட்டை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எடையை உங்கள் கண்முன் தராசில் வைக்கச் சொல்லுங்கள். கூடினாலும் கேடு, மிகவும் குறைந்தாலும் ஊசி பள்ளத்துக்குள் துள்ளித் தட்டைக் கெடுக்கும். எல்.பி. ஊசியை 78 சுற்றுத் தட்டில் வைக்காதீர்கள், அதற்குப் பருத்த முனை வேண்டும். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

4,800 ரூபாய் செலுத்திய யுபிஐ பதிவு என்னிடம் இருக்கிறது. அதை இணைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.