கோணல் சுவர்களுக்கு அளவெடுத்த மரவேலை: நான்கு ஆண்டு அனுபவம்

நூறு வயதைத் தாண்டிய கட்டடத்தில் இரண்டாம் மாடி வீடு. கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் அலமாரி எதுவும் இந்தச் சுவர்களோடு ஒத்துப்போகவில்லை. எல்லாவற்றையும் தச்சரிடம் சொல்லித்தான் செய்தோம். புழங்க ஆரம்பித்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

முதல் நாள் படுக்கையறை மூலையில் அவர் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். மேலே சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த நூல், தரைக்கு அருகே இரண்டு விரல் தள்ளி நின்றது. அகலத்தை மூன்று உயரங்களில் அளந்தார். மூன்றும் வேறு வேறு. அலமாரியைச் சுத்தமான மூலைமட்டத்தில் செய்து, சுவரை ஒட்டும் பக்கத்தில் மட்டும் ஒரு பட்டைப் பலகை விட்டு, அதைச் சுவரின் வளைவுக்கு ஏற்ப இழைத்துப் பொருத்தினார். இன்றும் அந்த இடுக்கில் நகம் நுழையாது. மாடிப்படித் திருப்பத்தில் முழு அலமாரி ஏறாது என்பதால் மூன்று துண்டுகளாகச் செய்துவந்து மேலேதான் முடுக்கினார்.

சறுக்கியது புத்தக அலமாரியில். அதுவும் என் பிடிவாதத்தால். வெளிச்சுவர் ஓரமாக வருவது அது. "காற்றுப் போக இரண்டு அங்குலம் விடுங்கள்" என்றார். இடம் வீணாகுமே என்று சுவரோடு சுவராக அறையச் சொன்னேன். பழைய சுண்ணாம்புக் காரை ஈரத்தை இழுத்துக்கொள்ளும், காய்ந்தால் விட்டுவிடும். நான் அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்து மூச்சை அடைத்திருந்தேன். இரண்டாவது மழைக்காலத்தில் கீழ்த்தட்டுப் புத்தகங்களில் பூஞ்சை வாடை. பின்பலகையைக் கழற்றினால், பெயின்ட் கொப்பளித்து, சுவரில் உப்புப் பூத்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தோம். அலமாரி இப்போது கால்களில் தனியாக நிற்கிறது, பின்னால் கை நுழையும். வாடை திரும்ப வரவில்லை. படுக்கையறை அலமாரி உள்சுவரில் இருப்பதால் தப்பித்தது.

கதவுகள் கெட்டி மரம். நடுப்பலகையை ஒட்டாமல் சட்டத்தின் பள்ளத்தில் சும்மா நிறுத்தியிருக்கிறார். மரம் அகலவாக்கில் விரியும், சுருங்கும், ஒட்டியிருந்தால் பிளந்திருக்கும். ஆனால் வறண்ட மாதங்களில் பலகை சுருங்கும்போது, ஓரத்தில் பாலிஷ் படாத வெளுத்த கோடு எட்டிப்பார்க்கிறது. விருந்தாளி யாரும் கவனித்ததில்லை; எனக்கு மட்டும் கண்ணை உறுத்துகிறது. சட்டத்தில் பூட்டுவதற்கு முன்பே பலகை முழுவதற்கும் பாலிஷ் கொடுக்கச் சொல்லுங்கள்.

கீல்கள், இழுப்பறைத் தண்டவாளங்கள் பற்றிக் குறையில்லை. ஆண்டுக்கு ஒருமுறை திருப்புளியால் கதவுகளை நேராக்கினால் போதும்.

ஒரே ஒரு தட்டு தொய்ந்தது. 18 மில்லிமீட்டர் பிளைவுட், ஒரு மீட்டர் நீளம், நடுவில் முட்டு இல்லை, மேலே அகராதிகள். தட்டைப் புரட்டிப்போட்டு முன்விளிம்பின் அடியில் கட்டை கொடுத்தோம். அகராதிகள் கீழ்த்தட்டுக்கு இறங்கிவிட்டன.